புள்ளி மறைந்த பிறகுதான் வேலையே: மீன்தொட்டி நோய்க்காலத்தில் எனக்குக் கைகொடுத்தவையும் கைவிட்டவையும்

மீன்தொட்டி வைத்திருப்பவர் வீட்டில் மருந்துப் புட்டிகள் தாமாகவே சேர்ந்துவிடும். என் அலமாரியிலும் ஒரு வரிசை இருந்தது. பல ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்துக் கழித்துக் கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பவை ஒரு தெர்மாமீட்டர், தண்ணீரில் அம்மோனியா, நைட்ரைட் அளவைச் சோதிக்கும் திரவ வகை டெஸ்ட் கிட், ஸ்பாஞ்ச் ஃபில்டர், கல் உப்பு, மாலகைட் பச்சை கலந்த ஒரே ஒரு மருந்து. இவற்றில் அதிக மீன்களைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், யோசிக்காமல் டெஸ்ட் கிட்டைச் சொல்வேன்.

மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. செவுள் வேகமாக அடிக்கிறது. துடுப்பை உடலோடு ஒடுக்கிக்கொள்கிறது. இவை ஒட்டுண்ணியாலும் வரும், மீன்கழிவிலிருந்து நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவாலும் வரும், நைட்ரைட்டாலும் வரும். பார்த்தவுடன் மருந்தைத் தேடுவது நம் கையின் பழக்கம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்தில் இல்லையென்றால், முதல் மருந்து குளோரின் நீக்கிய புதுத் தண்ணீர்தான். எல்லா மீன்களும் ஒரே நாளில் துவண்டால் தண்ணீரைச் சந்தேகிக்கிறேன். இன்று ஒன்று, இரண்டு நாள் கழித்து மூன்று என்று பரவினால்தான் தொற்று என்ற பக்கம் திரும்புகிறேன். இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வராது. ஆனால் டெஸ்ட் கிட்டோடு சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும். தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் சோதனைக் காகிதப் பட்டைகளை நான் விட்டுவிட்டேன். ஈரக்காற்று பட்டாலே கெட்டுப்போகின்றன. பலவற்றில் அம்மோனியாவுக்கான கட்டமே கிடையாது.

எங்கள் தொட்டியில் வந்தது வெண்புள்ளி நோய். புதிதாக விட்ட டெட்ராக்களோடு நுழைந்தது. முதலில் புள்ளி எதுவும் இல்லை. ஒரு மீன் கல்லின் விளிம்பில் விலாவை உரசிவிட்டு விருட்டென்று திரும்பியது. சற்று நேரத்தில் மறுபடியும் உரசியது. அடுத்து வால்துடுப்பில், ஒளி ஊடுருவும் பகுதியில், உப்புத் தூவியது போல நான்கைந்து மணிகள். இந்த நோயில் மணிகள் தனித்தனியாக, சற்றே மேடாக, எண்ணிவிடும்படி இருக்கும். இன்னொரு ஒட்டுண்ணியால் வரும் வெல்வெட் நோயில் அப்படி எண்ண முடியாது. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் தோலின் மேல் பொன்னிறத் தூசி மின்னும். ஆண் கோல்டு ஃபிஷ்ஷின் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் இனப்பெருக்கக் காலத்தில் வரிசையாக வெள்ளைப் பொட்டுகள் வரும். அது நோயே அல்ல. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் அந்த மீன்களுக்கு மருந்து ஊற்றியவர்களை நான் அறிவேன்.

வெண்புள்ளியை உண்டாக்குவது இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. அதன் வாழ்க்கைச் சுற்றைப் புரிந்துகொள்ளாமல் எந்த மருந்து வாங்கியும் பயனில்லை. நாம் காணும் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் நிலை. அங்கே மருந்து எட்டாது. வளர்ந்ததும் அது மீனை விட்டு உதிர்ந்து, கல்லிலோ செடியிலோ ஒட்டி, உறை கட்டிக்கொண்டு உள்ளே நூற்றுக்கணக்கில் பிளக்கிறது. அந்த உறைக்குள்ளும் மருந்து எட்டாது. பிறகு குஞ்சுகள் வெளியேறி நீந்தி, இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துப்போகும். மருந்தோ உப்போ வேலை செய்வது இந்தக் குறுகிய இடைவெளியில்தான். 25 டிகிரி செல்சியஸில் இந்தச் சுற்று முழுவதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடியும். குளிர்ந்த நீரில் பல வாரங்கள் இழுக்கும்.

அதனால், மூன்றாம் நான்காம் நாளில் புள்ளிகள் காணாமல் போனால் மகிழ்ச்சி அடைய ஒன்றுமில்லை. அவை உதிர்ந்து தரையில் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். மருந்து வேலை செய்துவிட்டது என்று பாராட்டி எழுதப்படும் பல அனுபவங்கள் இந்த நாளோடு முடிந்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன். இரண்டாவது அலை வரும்போது குற்றம் மருந்தின் மேல் விழும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது சிகிச்சையைத் தொடர்வது என் வழக்கம். அந்த நாட்களில் தரைக் கற்களைக் குழாய் வைத்து உறிஞ்சிச் சுத்தம் செய்வது, எந்தப் புட்டியும் செய்யாத வேலையைச் செய்கிறது: உறைகள் தண்ணீரோடு வெளியே போய்விடுகின்றன.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரை மெல்ல மெல்ல, சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் ஏற்றி 30 டிகிரியில் நிறுத்தினால் ஒட்டுண்ணியின் சுற்று வேகமெடுக்கும். பல சமயம் பெருக்கமே தடைபடும். ஆனால் வெப்பம் கூடினால் நீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும். செவுள் ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் மீனுக்கு அது பெரிய சோதனை. ஏர் பம்ப் இல்லாமல் ஹீட்டரைத் திருகக் கூடாது. அம்மோனியா இருக்கும் தண்ணீரிலும் கூடாது. வெப்பமும் பிஹெச்சும் (நீரின் அமில-கார அளவு) ஏற ஏற அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடும். இன்னொன்று: வாயைச் சுற்றியோ முதுகில் சேணம் போலவோ சாம்பல் வெள்ளைப் படலம் தெரிந்தால், அது பார்க்கப் பூஞ்சை போல இருந்தாலும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். வெப்பத்தை ஏற்றினால் அது இன்னும் வேகமாகக் கொல்லும். அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படும். அதைக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் தொட்டியில் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

உப்பு மலிவானது, நம்பகமானது, ஆனால் எல்லோருக்கும் ஏற்றதல்ல. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை, தனியாகக் கரைத்து, ஒரு நாளில் பகுதி பகுதியாகச் சேர்க்கிறேன். கப்பியும் மோலியும் அலட்டிக்கொள்வதில்லை. கோரிடோரஸ் போன்ற கெளுத்தி வகைகளுக்கும் செடிகளுக்கும் குறைந்த அளவிலேயே நிறுத்திக்கொள்கிறேன். உப்பு ஆவியாகாது என்பதால், எவ்வளவு தண்ணீரை மாற்றினோமோ அந்த அளவுக்கு மட்டும் மறுபடி சேர்த்தால் போதும்.

மாலகைட் பச்சை வேலை செய்கிறது, சந்தேகமே இல்லை. கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுகிறேன். உணவு மீன்களில் அதைப் பயன்படுத்தப் பல நாடுகள் தடை விதித்திருக்கும் பொருள் அது. வெளிச்சத்தில் சிதைவதால் தொட்டி விளக்கை அணைத்து வைக்கிறேன். ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டரில் இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஊற்றிய மருந்தையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். அளவிலும் கவனம் வேண்டும். 60, 30, 30 சென்டிமீட்டர் தொட்டி கணக்குப்படி 54 லிட்டர். கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் 45 லிட்டர் தண்ணீர் இருந்தாலே அதிகம். லோச், கெளுத்தி போன்ற செதிலற்ற மீன்கள் இருந்தால் பாதி அளவே.

மெத்திலீன் நீலம் என்ற சாய மருந்து முட்டைகளுக்கும் பூஞ்சைக்கும் தனித்தொட்டியில் (நோயுற்ற மீனையோ புது மீனையோ பிரித்து வைக்கும் சிறு தொட்டி) நல்லது. பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் வாழ்ந்து அம்மோனியாவை நீக்கும் நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கும், மூலைகளில் இருக்கும் சிலிக்கானையும் நிரந்தரமாக நீலமாக்கும். ‘எல்லா நோய்க்கும் ஒரே மருந்து’ என்று சொல்லிக்கொள்ளும் புட்டிகளைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. தாமிரம் கலந்தவை என்றால் இறாலும் நத்தையும் முதலில் சாகும்.

தனித்தொட்டிக்காகத் தனியே ஃபில்டர் வாங்கி அலமாரியில் வைப்பதில் அர்த்தமில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பெரிய தொட்டியின் ஒரு மூலையில் எப்போதும் ஓடவிட்டிருக்கிறேன். புது மீன் வரும்போது அதைத் தூக்கித் தனித்தொட்டியில் வைத்தால், பாக்டீரியாவோடு தயாராக இருக்கும். ஆனால் நோயிலிருந்து மீண்ட மீன்கள் புள்ளியே இல்லாமல் செவுளில் கொஞ்சம் ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும். அவற்றுக்கு எதிர்ப்பாற்றல் வந்திருக்கும், புதிய மீனுக்கு இருக்காது. அதனால் நோய் வந்த தொட்டியிலிருந்து ஸ்பாஞ்சை உடனே எடுப்பதில்லை. புது மீன்களைத் தனியே நான்கு வாரம் வைத்த பிறகும் ஒன்றிரண்டை மட்டும் முதலில் பெரிய தொட்டியில் விடுகிறேன். அவை கல்லில் உரசுகின்றனவா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் மற்றவை.