சதிக் கோட்பாட்டைக் கேலி செய்ய இரண்டு வழிகள்: ‘சவுத் பார்க்’, ‘இன்சைட் ஜாப்’

2021 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘இன்சைட் ஜாப்’ என்ற அமெரிக்க அனிமேஷன் தொடர் எடுத்த எடுப்பிலேயே எல்லாச் சதிக் கதைகளையும் உண்மை என்று ஒப்புக்கொண்டுவிடுகிறது. உலகை மறைவிலிருந்து ஆளும் நிறுவனம் ஒன்று, அதில் ரேகன் ரிட்லி என்ற களைத்துப்போன விஞ்ஞானி. பல்லி மனிதர்களும் நிலவு ரகசியங்களும் அவளுக்கு அலுவலகத் தலைவலிகள், அவ்வளவுதான். சிரிப்பு வருகிறது. ஆனால் எல்லாமே உண்மையாகிவிட்டால், பொய்யை நம்புகிறவனைப் பற்றிப் பேச இடம் எங்கே?

இன்னொரு அமெரிக்க அனிமேஷன் தொடரான ‘சவுத் பார்க்’ அந்த நம்புகிறவனையே பிடித்துக்கொள்கிறது. செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய சதிக் கதைகளை எடுத்துக்கொண்ட 2006ஆம் ஆண்டு அத்தியாயத்தில், ‘நாங்கள்தான் செய்தோம்’ என்று அரசே நாடகம் ஆடுகிறது. திறமையற்றவர்கள் என்ற பெயரைவிட, எல்லாம் வல்ல கொடியவர்கள் என்ற பெயர் அதற்கு வசதி! நம்புகிறவனுக்கும் அது ஆறுதல்: யாரோ ஒருவர் கையிலாவது கடிவாளம் இருக்கிறதே. இவ்வளவு கூர்மையான நையாண்டி மற்றதில் இல்லை.

2021 மார்ச்சில் வந்த ‘சவுத் பார்க்’ தடுப்பூசிச் சிறப்பு அத்தியாயத்தில், கியூஅனான் என்று இணையத்தில் பரவிய சதிக் கதையை (அமெரிக்காவை ஒரு ரகசியக் கும்பல் ஆட்டுவிக்கிறது என்பது அது) நம்புகிறவர்கள் குழந்தைகளுக்குத் தனிப்பாடம் நடத்த வருகிறார்கள். முடிவில் கதை தன்னையே கிண்டல் செய்துகொண்டு நழுவிவிடுகிறது. அது எனக்கு ஏமாற்றம்தான்.

அலுவலகக் கலாட்டா போதும் என்பவர்களுக்கு ‘இன்சைட் ஜாப்’ சரி. ஆனால் 2023 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள்; கதை பாதியில் நிற்கும்.