ஹெட் வேலைக்குக் காரைக் கொடுக்கிறீர்களா? பழைய காஸ்கெட்டைக் கையில் வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்

கொழும்பில் காரின் எஞ்சினைத் திறந்து வேலை செய்யக் கொடுக்கப்போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள். நான் வார இறுதிகளில் பொழுதுபோக்குக்காகப் பந்தயம் ஓட்டுகிறவன். ஏமாற்று வேலை நடந்தது என் பந்தயக் காரில். ஆனால் அலுவலகத்துக்குப் போய்வரும் உங்கள் காரிலும் அதையே செய்திருக்கலாம். எனக்கு அது ஒரு காலைப்பொழுதில் தெரிந்துவிட்டது. உங்களுக்குத் தெரிய எட்டு மாதம் ஆகும். அதற்குள் பில் தொலைந்திருக்கும், கராஜ்காரருக்கு உங்கள் முகம் மறந்திருக்கும்.

கராஜின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் எழுதவும் மாட்டேன். மருதானைப் பக்கம், வெளியே பளபளப்பான பலகை, உள்ளே வரிசையாக நல்ல கார்கள். அந்த வரிசையைப் பார்த்துத்தான் எல்லோரும் நம்புகிறோம்.

என்னுடையது 1300 சிசி ஃபோர்ட் லேசர். மாஸ்டா 323 காரின் உடன்பிறப்பு. பெரிய பணமில்லாதவர்கள் இலங்கையில் பந்தயம் ஓட்ட வேண்டுமென்றால் நெடுங்காலமாக இந்த இரண்டு கார்களைத்தான் தேடுகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் நாட்டிலுள்ள ஒவ்வொரு பழைய காரும் தங்கமாகிவிட்டது, அதைத் திருத்துகிற ஒவ்வொருவரும் ராஜாவாகிவிட்டார். நல்ல பாஸ்மாருக்கு, அதாவது கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்கு, நேரமில்லை. நேரமிருக்கிறவர்களிடம் ஏன் நேரமிருக்கிறது என்று கேட்க வேண்டிய காலம் இது.

கட்டுக்குருந்தைப் போட்டிக்கு முன்பாக எஞ்சின் கொஞ்சம் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தது. எஞ்சின் பிளாக்கை மேலிருந்து மூடும் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் அதன் முகத்தைச் சீவி மட்டம் செய்வது, புதிய ஹெட் காஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் கசியாமல் வைக்கும் தகடு), வால்வு சீல்கள், புதிய தேர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு), அத்தோடு நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் மாற்றம். இவைதான் நான் கேட்ட வேலைகள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். கார் திரும்பி வந்தபோது பில்லில் ஒரே ஒரு வரி: ‘ஹெட் ஓவர்ஹோல், பிரேக் சர்வீஸ்: ரூபா 185,000’. பிரித்து எழுதித் தரச் சொன்னேன். “எங்கள் கணினியில் அப்படித்தான் வரும் சேர்” என்றார். பழைய காஸ்கெட்டைக் கேட்டேன். “பையன் குப்பையில் போட்டுவிட்டான். அதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று சிரித்தார்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது கார் அருமையாக ஓடியது. காலி வீதி நெரிசலில் வெப்பமானியின் ஊசி நடுக்கோட்டுக்குக்கூட ஏறவில்லை. இந்த ஊசியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கட்டுக்குருந்தை களுத்துறைக்குத் தெற்கே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் கடற்படை கட்டிய விமானத்தளம் அது. ஓடுபாதைக்கென்று போட்ட தளம் என்பதால் நேராக ஓடும் இடத்தில் காலை எடுக்கவே வேண்டாம். அப்படிப் பல சுற்றுகள் முழு வேகத்தில் ஓடினால், கார் தன் வயிற்றில் இருப்பதையெல்லாம் சொல்லிவிடும்.

சனிக்கிழமை காலைப் பயிற்சியில் சில சுற்றுகள்கூட முடியவில்லை. நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தேன். மிதி பஞ்சாக உள்ளே போனது. மறுபடி மிதித்துப் பிடித்து, வளைவை அகலமாக எடுத்து, புல்லைத் தொட்டு வந்தேன். மூச்சு விட்டு முன்னால் பார்த்தால் ஊசி சிவப்பில் நிற்கிறது. உடனே எஞ்சினை அணைத்து, உருட்டிக்கொண்டே பிட்டுக்குள், அதாவது பந்தயக் கார்களைப் பார்த்துத் திருத்தும் இடத்துக்குள், வந்தேன்.

எங்கள் பிட்டில் உதவிக்கு ஓர் அண்ணன் வருவார். தெமட்டகொடையில் கராஜ் வைத்திருந்து இப்போது ஓய்வாக இருப்பவர். எஞ்சின் ஆறும்வரை யாரையும் ரேடியேட்டர் பக்கம் போகவிடவில்லை. ஆறியதும் மூடியைத் திறந்து, தண்ணீரை நிரப்பி, மூடியில்லாமலே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அக்சிலரேட்டரைத் தட்டத் தட்டத் தண்ணீருக்குள்ளிருந்து குமிழி குமிழியாக வந்தது. எரியும் வாயு காஸ்கெட்டைத் தாண்டித் தண்ணீர் ஓடும் வழிக்குள் புகுந்தால்தான் அப்படி வரும்.

“தம்பி, இதை இப்படியே ஓட்டினால் எஞ்சினை மறந்துவிட வேண்டியதுதான். கழற்றுவோமா?” என்றார்.

கழற்றினோம். தேர்மோஸ்டாட்டின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. புதியதும் இல்லை, பழையதும் இல்லை, வெறும் கூடு. இப்போது அந்த ஊசிக்கு வருகிறேன். தேர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினில் தண்ணீர் எந்த நேரமும் தடையில்லாமல் ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவாக ஓட்டும்போது எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. ஊசி கீழே கிடக்கும். வாடிக்கையாளர் “ஆகா, கார் சூடாகவே இல்லை” என்று மகிழ்ந்துபோவார். அதே நேரம் உள்ளே காஸ்கெட் கசிந்துகொண்டிருக்கும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, அதனால் கசிவும் குறைவு. முழு அக்சிலரேட்டரில்தான் அந்த அழுத்தம் காஸ்கெட்டை வென்று வாயுவைத் தண்ணீருக்குள் தள்ளும். நுவரெலியாவுக்கு ஏறும்போதோ நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும்போதோ ஒருநாள் அது நடக்கும். யார் செய்த வேலை என்று அப்போது யாரும் யோசிக்க மாட்டார்கள். இது மறதியால் வந்த கோளாறு என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். தேர்மோஸ்டாட்டை எடுத்தவருக்கு ஏன் எடுக்கிறோம் என்று நன்றாகத் தெரியும்.

ஹெட் வெளியே வந்தபோது அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. காஸ்கெட் பழையது. அதே காஸ்கெட்டின் இரண்டு பக்கத்திலும் சிலிக்கோன் சீலரைப் பூசித் திரும்ப வைத்திருந்தார்கள். ஹெட் காஸ்கெட் ஒருமுறை அழுந்திவிட்டால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும், இரண்டாம் முறை அதை வைத்து இறுக்குவதில் பலனில்லை. எரியறையை ஒட்டிய இடத்தில் அந்த சீலர் என்ன கதிக்கு ஆளாகும் என்று சொல்லத் தேவையில்லை. சுருண்டு, கருகி, துண்டு துண்டாகத் தண்ணீர்த் துளைகளை அடைத்துக்கொண்டு கிடந்தது.

“லேத்துப் பக்கமே போகவில்லை இது” என்றார், ஹெட்டின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு. லேத்தில் சீவிய முகத்தில் வெட்டுக்கோடுகள் ஒரே சீராக, ஒரே ஒழுங்கில் தெரியும். இதில் இருந்தவை மண்தாளைக் கையால் சுற்றிச் சுற்றித் தேய்த்த வட்டங்கள். எஃகு நேர்சட்டத்தை மூலைக்கு மூலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளை, நுழைத்தோம். 0.15 மில்லிமீட்டர் தகடு தாராளமாக உள்ளே போனது. இந்த மாதிரி எஞ்சின்களில் 0.05 தாண்டினாலே நல்ல பாஸ்மார் முகம் சுளிப்பார்கள். இரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட் இருக்கும் எஞ்சின் இது. சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும். அதனால்தான் சீவச் சொல்கிறோம், அதற்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

பிரேக் கதை சின்னது, ஆனால் எனக்கு அதிகக் கோபம் வந்தது அதில்தான். சக்கரத்திலுள்ள பிரேக் காலிப்பரில் எண்ணெயை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தோம். கோப்பிக் கஷாயம் போல ஒரு திரவம் வந்தது. நான் காரைக் கொடுத்தபோது இருந்த அதே பழைய எண்ணெய். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கொழும்புக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டொட் 4 தரத்தின்படி புதிய எண்ணெய் 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அந்தக் குறைந்தபட்ச அளவு 155 பாகைதான். கொதித்தால் ஆவி, ஆவி அழுந்தும், மிதி உள்ளே போகும். ஒரு போத்தல் எண்ணெயும் ஒரு மணி நேர வேலையும். அதைக்கூடத் திருடியிருக்கிறார்கள். காஸ்கெட்டில் செய்த மோசடி எஞ்சினைத்தான் கொல்லும், இது ஆளையே கொல்லும்.

பக்கத்துப் பிட்டில் மோட்டார்சைக்கிள் ஓட்டும் சிங்கள நண்பர் ஒருவர் சீல் உடைக்காத டொட் 4 போத்தல் ஒன்றைத் தந்தார், பணம் வாங்க மறுத்தார். பிரேக் பிரச்சினை அதோடு முடிந்தது. ஹெட்டுக்குத்தான் வழியில்லை. மாலையில் அதைத் துணியில் சுற்றி வேனின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினோம். போகும் வழியெல்லாம் அண்ணன் போனில் பேசிக்கொண்டே வந்தார். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அவருக்குத் தெரிந்த லேத்துக்காரர், மூடிய கடையைத் திறக்கச் சம்மதித்தார்.

பஞ்சிகாவத்தை என்றாலே “கள்ளச் சாமான்” என்று மூக்கைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்றிரவு எனக்கு நேர்மையாக வேலை செய்தவர்கள் அந்தத் தெருவில்தான் இருந்தார்கள். லேத்துக்காரர் முதலில் அளந்தார், அளவை ஒரு தாளில் எழுதினார், பிறகு சீவினார், மறுபடி அளந்து அதே தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். 0.2 மில்லிமீட்டர். அதற்குமேல் எடுத்தால் அமுக்க விகிதம் கூடும், போட்டி விதிகளில் சிக்கல் வரலாம் என்று அவரே சொன்னார். காஸ்கெட் கடைக்காரர் இரண்டு விலையில் இரண்டு காட்டினார். “இது ஜப்பான், இது சைனா. சைனா வீட்டுக் காருக்குப் போதும், றேஸுக்கு வேண்டாம்” என்றார். மலிவானதையே விலை கூட்டி என் தலையில் கட்டியிருக்கலாம். கட்டவில்லை.

விடியும் முன் கட்டுக்குருந்தைக்குத் திரும்பிவிட்டோம். சீலர் துண்டுகளைத் தண்ணீர் வழிகளிலிருந்து கழுவி எடுக்கவே நெடுநேரம் ஆனது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரென்ச்சால் கட்டம் கட்டமாக இறுக்கினோம். எஞ்சின் எண்ணெயையும் மாற்றினோம். தகுதிச் சுற்று போய்விட்டதால் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டேன், நடுவில் எங்கோ முடித்தேன். ஊசி நடுக்கோட்டில் அசையாமல் நின்றது. கோப்பை கிடைத்தவர்களைவிட நான்தான் அன்று அதிகம் சிரித்தேன் என்று படமெடுத்தவர்கள் சொல்கிறார்கள்.

திங்கட்கிழமை கராஜுக்குப் போனேன். காஸ்கெட்டை மேசையில் வைத்தேன். சேர் என்று அழைத்தவர் இப்போது தம்பி என்றார். “றேஸ் காருக்கு நாங்கள் கேரண்டி கொடுப்பதில்லை தம்பி. நீங்கள் அடித்து ஓட்டினால் நாங்கள் என்ன செய்ய?” நான் கேரண்டி கேட்கவில்லை. கெட்டுப்போன வேலையைப் பற்றி அல்ல, செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தைப் பற்றித்தான் கேட்டேன். எந்த லேத்தில் சீவினீர்கள் என்றேன். “நாங்கள் வழமையாகக் கொடுக்கும் இடம்.” அந்த இடத்தின் பில்? “அது எங்கள் உள்விவகாரம்.” குப்பையில் போட்டதாகச் சொன்ன காஸ்கெட் எப்படி என் ஹெட்டுக்குள்ளேயே இருந்தது என்று கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. தேநீர் வந்தது.

அதனால், கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: பழைய பாகங்கள் எனக்கு வேண்டும், புதியவற்றின் பெட்டிகளும் வேண்டும். “பையன் எறிந்துவிட்டான்” என்றால் அந்தப் பையன் தேடி எடுக்கும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஹெட் வேலையென்றால் லேத்தின் தனி பில்லையும் அளவுத் தாளையும் கேளுங்கள், முடிந்தால் ஹெட்டை நீங்களே லேத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். ஒரே வரி பில்லை ஏற்காதீர்கள். பின்னால் முறையிடும்போது எது செய்யப்படவில்லை என்று காட்ட அந்த வரி உதவாது. நான் வேலைகளை எழுதிக் கொடுத்த தாளின் படம் போனில் இருந்தது, இன்று என் முறைப்பாடு நிற்பது அதன்மேல்தான். வேலை முடிந்து வந்த காரில் வெப்பமானி நடுக்கோட்டுக்கு வராமல் படுத்தே கிடந்தால் மகிழ வேண்டாம், தேர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள்.

முறைப்பாட்டைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குக் கொடுத்திருக்கிறேன். தொலைபேசி 1977. ஆனால் தொலைபேசியோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொருள் வாங்கிய, அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எட்டு மாதம் கழித்துக் கண்டுபிடிக்கிறவருக்கு அந்தக் கதவு ஏற்கெனவே மூடியிருக்கும். கராஜ்காரர்களுக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

கடந்த வாரம் பொதுவான ஒருவர் மூலம் தூது வந்தது. பாதிப் பணத்தை ரொக்கமாகத் தருகிறார்களாம், நான் முறைப்பாட்டை மீளப்பெற வேண்டுமாம். முழுத்தொகையும் வேண்டும், காசோலையாக வேண்டும், ஹெட் சீவப்படவில்லை என்று எழுதிய கடிதமும் சேர்ந்து வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதிலில்லை.