52-ஆ, 57-ஆ? பிரித்துக் கிடக்கும் ஒரு மோரிஸ் மைனருக்கு வயது பார்த்தல்

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கொட்டகையில், ஷீட் காயப்போடும் கொடிகளுக்குக் கீழே, மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் ஒன்று இருபது வருடமாகப் பிரித்துப் போட்டபடியே கிடந்தது. போன மாதம் என் அக்கா மகன் அதை விலை பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, விற்றவர்கள் 52 மாடல் என்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் 57 என்று இருக்கிறது. நீங்கள் வந்து பார்த்துவிட்டு ஒரு முடிவு சொல்லுங்கள்."

கூடு (பாடி) தனி, எஞ்சின் தனி, நான்கு கதவுகளும் சுவரோரம். மிச்சமெல்லாம் மூன்று பிஸ்கட் தகரங்களில். முகப்பு கிரில்லைக் காணோம். எஞ்சின் அறையின் பின்தகட்டில் சேஸ் எண் தகடு இருக்கவேண்டிய இடத்தில் ரிவெட் துளைகள் மட்டும் இருந்தன. குளச்சல் பக்கம் கிடந்திருந்தால் உப்புக்காற்று கூட்டையும் தின்றிருக்கும். அந்த மட்டில் அவனுக்கு நல்ல நேரம்தான்.

மைனரில் மூன்று தலைமுறைகள். 1948-இல் வந்தது எம்.எம். வரிசை, 918 சிசி சைடு வால்வு எஞ்சின், அதாவது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில். 1952-இல் இரண்டாம் வரிசை தொடங்கியது. 803 சிசி, வால்வுகள் சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டுக்கு ஏறிவிட்டன. 1956 அக்டோபரில் மைனர் 1000, 948 சிசி. குடும்பத்தார் சொல்வது சரியென்றால் இது முதல் இரண்டில் ஒன்று. புத்தகம் சரியென்றால் மூன்றாவது.

புத்தகத்தின் கட்சியில் எஞ்சினும் சேர்ந்துகொண்டது. பிளாக்கின் தகட்டைத் துடைத்துப் பார்த்தால் எண் 'ஏபிஜேஎம்' என்று தொடங்குகிறது. அது 948 சிசியின் தொடக்ககால அடையாளம். இரண்டாம் வரிசையாக இருந்தால் 'ஏபிஹெச்எம்' என்று இருந்திருக்கும். தகட்டை மட்டும் நம்பாமல் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் உள்விட்டத்துக்கு வெர்னியர் அளவுகோல் வைத்தேன். 63.4 மில்லிமீட்டர். 803-க்கு 58, 948-க்கு 62.9. ஆக இது தேய்ந்த சிலிண்டரை ஒருமுறை குடைந்து, அதாவது போர் அடித்து, பெரிதாக்கிய 948-தான், சந்தேகமில்லை.

மருமகன் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் 57 தானே மாமா?"

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். பழைய கார் விஷயத்தில் நான் கடைசியாக விசாரிக்கும் சாட்சி எஞ்சின். 803-உம் 948-உம் ஒரே ஏ-சீரீஸ் குடும்பம். ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றுவது ஒரு நல்ல மெக்கானிக்குக் கைவந்த வேலை. அந்த 803 முப்பது குதிரைத்திறன்தான் தரும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலையோரத் தோட்டப் பாதைகளில் அதை ஓட்டியவர்கள், 948 ஒன்று கையில் கிடைத்தால் சும்மா விட்டிருப்பார்களா?

ஆர்.சி. புத்தகம் எஞ்சினைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். பதிவான ஆண்டையே மாடல் ஆண்டாக எழுதிவைத்த பழைய புத்தகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி. அதன் பிறகு சென்னை மாநிலம். மாநிலம் மாறியபோது புத்தகம் புதிதாக எழுதப்பட்டிருக்கலாம். ஆகவே 57 என்று எழுதிய புத்தகத்தைப் பார்த்தவுடன், கார் பிறந்த வருடமா, காகிதம் பிறந்த வருடமா என்று கேட்டுவிட வேண்டும்.

குடும்பத்தார் கட்சிக்கு ஒரு புகைப்படம்தான் ஆதாரம். 1952-இல் நடந்த கல்யாணம். மணமக்கள் ஒரு மோரிஸ் மைனரின் முன்னால் நிற்கிறார்கள். படம் அழகான படம். ஆனால் அதிலிருக்கும் காரின் ஹெட்லைட்டுகள் கிரில்லுக்கு இருபுறமும் தாழ்வாகப் பதிந்திருக்கின்றன. நான்கு கதவு மைனர் 1950-இல் வந்தபோதே அதன் விளக்குகள் மட்கார்டின் மேலே ஏறிவிட்டன; தாழ்விளக்கு வண்டிகளுக்கு இரண்டே கதவு. கொட்டகையில் சாத்தியிருப்பதோ நான்கு கதவு. படத்தில் நிற்பது வேறு கார். கல்யாணத்துக்கு இரவல் வாங்கியதாக இருக்கலாம். அந்த வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருமகனிடம் மட்டும் சொன்னேன்.

இனி கூடு. எதையும் கழற்றி மாட்டலாம். கண்ணாடிச் சட்டத்தை வெட்டி ஒட்டுவதற்கு யாரும் துணியமாட்டார்கள். மைனர் 1000-க்கு முன்கண்ணாடி வளைந்த ஒரே துண்டு, பின்கண்ணாடியும் பெரியது. அதற்கு முந்தியவற்றுக்கு முன்னால் இரண்டு தட்டைக் கண்ணாடிகள், நடுவில் ஒரு தண்டு. எங்கள் கூட்டில் அந்த நடுத்தண்டு துருவேறி நிற்கிறது. பின்ஜன்னலும் சிறியது. 57 அங்கேயே விழுந்தது.

அப்படியானால் 52-தானா? டேஷ்போர்டு குறுக்கே வந்தது. 1954 அக்டோபர் வரை ஸ்பீடோமீட்டர் ஓட்டுநருக்கு நேராக இருந்தது. அதற்குப் பிறகு பெரிய வட்டமாக நடுவுக்கு வந்து, இருபுறமும் மூடியில்லாத பெட்டிகள் வந்தன. எங்கள் டேஷ்போர்டுத் தகட்டில் வட்டத் துளை நட்டநடுவில். ஆகவே 1954 அக்டோபருக்குப் பின், 1956 அக்டோபருக்கு முன். இரண்டு கட்சியும் தோற்றுவிட்டன.

பக்கத்தூணில், வண்டி திரும்பும்போது வெளியே நீளும் கைகாட்டி மடங்கிக் கிடக்கும் பள்ளத்தைப் பார்த்து மருமகன் துள்ளினான். அது 1961 வரை எல்லா மைனரிலும் உண்டு. இங்கே அதனால் ஒரு பயனும் இல்லை.

இரண்டு வருட இடைவெளியைச் சுருக்கியது ஒரு பிஸ்கட் தகரம். லூகாஸ் நிறுவனம் தன் மின்சாமான்களில் மாதத்தையும் வருடத்தையும் குத்திவிடும். வைப்பர் மோட்டாரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தபோது, எண்களுக்குக் கீழே '4 55' என்று எழுந்து வந்தது. டைனமோவில் '61'. டைனமோ அடிக்கடி மாறும் சாமான். வைப்பர் மோட்டாரை அவ்வளவு சுலபமாக யாரும் மாற்றுவதில்லை. ஆகவே 55-க்கே என் ஓட்டு. காணாமல்போன சேஸ் எண் தகடு கிடைத்தால் மறுபேச்சே இருக்காது: எஃப் என்றால் மைனர், அடுத்த ஏ என்றால் நான்கு கதவு, மூன்றாவது எழுத்து நிறம், அதையடுத்த இலக்கம் 5 என்றால் வலப்புற ஸ்டியரிங்குடன் உதிரியாக அனுப்பி இறக்கிய நாட்டில் பூட்டியது. கொட்டகை மண்ணைச் சலித்துத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டினால் 'விஏ' எழுத்துள்ள விண்டேஜ் எண் கேட்கலாம். 55 ஆனாலும் 57 ஆனாலும் வயது போதும். வண்டி பெரிய மாற்றமில்லாமல் இருக்கவேண்டும் என்றும் அதே விதி சொல்வதால், 948-ஐ வைத்துக்கொள்வதா, 803 தேடுவதா என்பதை அவன் யோசிக்கட்டும்.

பாகம் தேடுவதில்தான் வருடம் உண்மையில் உதவுகிறது. 57 என்று நம்பி வளைந்த முன்கண்ணாடிக்கு அவன் கோயம்புத்தூர் வரை விலை கேட்டிருந்தான். தட்டைக் கண்ணாடிக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. சட்டத்தில் காலண்டர் அட்டையை வைத்து இரண்டு பக்கமும் அளவு வெட்டியெடுத்து, லேமினேட் கண்ணாடியாகவே வெட்டித் தரச் சொல்லி, வடசேரியில் ஒரு கண்ணாடிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தோம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.