செர்ரி இறாலா, கிரிஸ்டல் ரெட் இறாலா?

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கண்ணாடித் தொட்டி வைத்து அழகுக்கு இறால் வளர்க்கிறவருக்கு என் பதில் செர்ரிதான். அழகுப் போட்டி வைத்தால் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட கிரிஸ்டல் ரெட் வென்றுவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு 20 முதல் 24 பாகை செல்சியஸ் வேணும். எங்கட தொட்டித் தண்ணி மத்தியானத்தில் 29இல் நிற்கும். விசிறி பூட்டினாலும் கொழும்பின் ஈரக்காற்றில் பெரிதாகக் குறையாது; தண்ணியைக் குளிரவைக்கிற சில்லர் வாங்கினால் கரண்ட் பில் ஏறும். தண்ணியின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச்சை 6.5 அளவில் வைக்க விசேஷ மண்ணும் போட வேணும்.

செர்ரி இந்தச் சூட்டையும் சமாளிக்கும், காற்று மோட்டர் ஓடினால் போதும். பெண் இறாலின் வயிற்றடியில் இருபது, முப்பது முட்டைகள் மஞ்சள் மணிகளாய் ஒட்டியிருக்கும். தாய் இறால் அவற்றைக் காலால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். மூன்று, நாலு கிழமையில் எறும்பளவுக் குஞ்சுகள் பாசியில் மேயும்.

குளோரின், செம்பு கலந்த மீன் மருந்து, நுளம்பு மருந்து மூன்றும் இரண்டுக்கும் எமன். டெங்குப் புகை அடித்த அன்று ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். பின்னேரம் பார்த்தால் பாதி இறால் மல்லாந்து கிடந்தது.