சரக்கு வண்டிக்கு வழி: ஹெல்ட்-கார்ப்பா, டூ-ஆப்டா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சித்தப்பாவுக்கு மளிகை மொத்தக் கடை. காலையில் கிளம்பும் வண்டி சூரமங்கலம், அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி, அம்மாப்பேட்டை என்று சுற்றிவிட்டுக் கடைக்கே திரும்ப வேண்டும். எந்த வரிசையில் போனால் தூரம் குறையும்? கணினி அறிவியலில் பேர்போன பயண விற்பனையாளர் கணக்கு இதுதான். அதைத் தீர்க்கும் ஹெல்ட்-கார்ப், டூ-ஆப்ட் என்ற இரண்டு முறைகளை நிரலாக எழுதிப் பார்த்தேன். இப்போது கடையில் ஓடுவது டூ-ஆப்ட்.

எல்லா வரிசையையும் எண்ணிப் பார்ப்பது ஆகாத காரியம். 20 கடைக்கே 19 இலக்க எண் வரும். 1962இல் வெளிவந்த ஹெல்ட்-கார்ப் முறை அதைச் சுருக்குகிறது: எந்தெந்தக் கடைகள் முடிந்தன, கடைசியாக நின்றது எது, அதுவரை குறைந்தபட்ச தூரம் எவ்வளவு என்பதை மட்டும் அட்டவணையில் குறித்துக்கொண்டே போகும். விடை மிகக் குறைந்ததுதான் என்பதற்கு நிரூபணமே உண்டு. கணிதம் படித்தவர்களுக்கு மனசு நிறையும்.

டூ-ஆப்டுக்கு அந்தக் கௌரவம் கிடையாது. ஏதோ ஒரு சுற்றில் தொடங்கி, இரண்டு இணைப்புகளை வெட்டி, நடுத்துண்டைத் திருப்பி ஒட்டும். தூரம் குறைந்தால் வைத்துக்கொள்ளும், குறைக்க வழியில்லாதபோது நின்றுவிடும். அவ்வளவுதான்.

நான் அதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், ஆர்டர் மாறிக்கொண்டே இருப்பது. மூட்டை ஏற்றும்போதே "தம்பி, கொண்டலாம்பட்டிக் கடையையும் சேத்துக்கோ" என்பார் சித்தப்பா. ஹெல்ட்-கார்ப்பில் ஒரு கடை கூடினால் அட்டவணை இரண்டு மடங்குக்கு மேல் வீங்கும். ஒரு கட்டத்துக்கு 4 பைட் என்றால் 24 கடைக்கு 1.6 ஜிபி, 25க்கு 3.4, 26க்கு 7. எங்கள் 8 ஜிபி லேப்டாப் அதோடு சரி. நினைவகத்தை மிச்சம்பிடிக்கும் தந்திரங்கள் உண்டு, ஆனாலும் இரட்டிப்பாவது நிற்காது. டூ-ஆப்டிலோ புதுக் கடையைப் பழைய சுற்றில் எங்காவது செருகிவிட்டு அங்கிருந்தே தொடரலாம். சித்தப்பா பேசி முடிப்பதற்குள் வழி வந்துவிடும். வேண்டுமென்றே அமைத்த கணக்குகளில் டூ-ஆப்டும் அடுக்குக்குறி அளவில், அதாவது கடை கூடக் கூட மடங்கு மடங்காக, இழுத்தடிக்கும் என்று நிரூபித்திருக்கிறார்கள். சேலத்துச் சாலைகளில் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. கடைகள் குறைந்த நாட்களில் இரண்டையும் ஓட்டினால் பெரும்பாலும் ஒரே சுற்றுதான் வருகிறது.

ஏற்காடு மட்டும் வேறு கதை. அங்கே தூரத்தைவிட நேரம்தான் கணக்கு. 20 கொண்டை ஊசி வளைவுகளை மூட்டையோடு ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் ஒன்றல்ல. நடுத்துண்டைத் திருப்பினால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் புதிதாகக் கூட்ட வேண்டும். ஹெல்ட்-கார்ப்புக்கு அந்தச் சங்கடம் இல்லை. மலைக்கு வண்டி போகும் நாட்களே குறைவு, அன்றைக்குக் கடைகளும் குறைவு. அதனால் அன்று மட்டும் ஹெல்ட்-கார்ப்பை ஓட்டுகிறேன்.