ஆதார் கைரேகை வழிப் பணம் எடுக்கும் சேவை: இரண்டாண்டு அனுபவம்

விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய் இருட்டும்போது வீடு திரும்புகிற என் அம்மாவுக்கு, வங்கி திறந்திருக்கும் நேரம் வாய்ப்பதே இல்லை. வங்கிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதனால் தெருமுனை மளிகைக் கடையில் வங்கி முகவர் வைத்திருக்கும் கைரேகைக் கருவியில்தான், மாதாமாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயையும் கூலியில் கணக்குக்கு வரும் பகுதியையும் எடுக்கிறார். அட்டையும் ரகசிய எண்ணும் வேண்டாம்; வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் ஆகியவை போதும். ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். கணக்கு தமிழ்நாட்டில் இருந்தாலும் மலைமேல் கேரளத்துக் கடையிலும் எடுக்க முடிகிறது என்பது, எல்லை தாண்டி உழைப்பவர்களுக்குப் பெரிய உதவி.

தொல்லை விரலில்தான் இருக்கிறது. காய் பறித்துப் பறித்துக் கறையேறி, ரேகை தேய்ந்துபோன விரலைக் கருவி எளிதில் ஏற்பதில்லை. போன மாதம் தேங்காய் எண்ணெய் தொட்டு, முந்தானையில் துடைத்து, மூன்று விரல்களை மாற்றி மாற்றி வைத்து, நான்காவதாக மோதிர விரலை அழுத்திய பிறகே பணம் வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தபோது, தன் கையால் உழைத்துச் சேர்த்த பணத்துக்கு அவர் தலைகுனிந்து நின்றது எனக்கு ஆறவில்லை.

ஒருமுறை 2,000 ரூபாய் கழிந்ததாக என் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டது, கடைக்காரரின் திரையோ பரிவர்த்தனை நிறைவேறவில்லை என்றது. இப்படி நேர்ந்தால் ஐந்து நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டிலேயே விதித்திருக்கிறது. எங்கள் பணம் நான்காம் நாள் வந்தது. அதுவரை பக்கத்து வீட்டுக் கைமாற்றில்தான் அடுப்பெரிந்தது.

2018 செப்டம்பரில் தொடங்கிய அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியின் தபால்காரர் வீட்டுக்கே கருவியோடு வருகிறார். நடக்க முடியாத பாட்டிக்கு அதுதான் சிறந்தது. பகலில் வருவதால் தோட்டத்துக்குப் போகிற அம்மாவுக்கு உதவவில்லை.

வேறொரு கடையில் ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் பிடித்தார்கள். முகவருக்கு வங்கியே தரகு கொடுக்கும்போது இது நியாயமே இல்லை. எழுத்தறியாதவர்களிடம் எடுத்த தொகையைக் குறைத்துச் சொல்லவும் இடமிருப்பதால், அச்சிட்ட சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அம்மா ஒவ்வொரு சீட்டையும் சுருக்குப்பையில் மடித்து வைத்து, இரவில் என்னிடம் கொடுத்து மீதித் தொகையைப் படித்துக் காட்டச் சொல்கிறார்.