செய்முறை எழுதும் பயிற்சி ஏடு: பாடங்கள் நன்று, மதிப்பெண் அட்டவணைதான் உதவாது

மும்பையில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கும் சிலர், மூன்றாவது முதல் ஐந்தாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்காக இந்த ஏட்டை வாங்குகிறார்கள். ‘எப்படிச் செய்வது’ என்று எழுதப் பழக்குவதுதான் நோக்கம். பாடங்களுக்காகத் தாராளமாக வாங்கலாம். பின்னட்டையில் உள்ள மதிப்பெண் அட்டவணையை மறந்துவிடுங்கள்.

முதல் பாடம் காகிதக் கப்பல். ‘தாளை இரண்டாக மடிக்கவும்’ என்றுதான் பிள்ளைகள் தொடங்குவார்கள். ஏ4 தாளின் குட்டைப் பக்கங்கள் ஒன்றோடொன்று சேரும்படி மடித்து, மடிப்பை மேலே வைத்து, இரு மூலைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் அடியில் சுமார் 4 செ.மீ. பட்டை மிஞ்சும். நீளப் பக்கங்களைச் சேர்த்து மடித்தால் பட்டையே மிஞ்சாது, கப்பலும் வராது. இங்கே ஏடு ஒரு நல்ல வேலை செய்கிறது: ஒரு பிள்ளை எழுத, பக்கத்துப் பிள்ளை அதில் உள்ளபடி மட்டும் செய்ய வேண்டும். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. எந்த வரியில் கை நின்றதோ அங்கே குறி போடத் தனிக் கட்டம் இருக்கிறது. பிழை எங்கே என்று ஆசிரியர் சொல்லவே வேண்டியதில்லை.

எலுமிச்சை ஜூஸ் பாடமும் சுவாரசியம்தான். 200 மி.லி. தண்ணீர், அரை எலுமிச்சம்பழம், 2 டீஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. ஐஸை முதலில் போட்டால் சர்க்கரை சட்டென்று கரையாது, அடியில் தங்கிவிடும். ஆனால் உப்பு முன்னா, சாறு முன்னா என்பது ஒரு பொருட்டே இல்லை. எந்த வரிசையை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதை ஏடு பிரித்துக் காட்டவில்லை. ஆசிரியர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

‘நறுக்கி, பிழிந்து, விதை எடுத்து, சர்க்கரை போட்டுக் கலக்கவும்’ என்று ஐந்து வேலையை ஒரே மூச்சில் எழுதுவது தமிழில் பிழையே இல்லை. ஆனால் செய்பவர் பாதியில் தொலைந்துபோவார். ‘ஒரு வரிக்கு ஒரு வேலை’ என்ற ஏட்டின் விதி இதற்கு நல்ல மருந்து. ‘மூடியைத் திறந்து ஊற்றவும்’ போன்றவற்றையும் உடைக்கச் சொல்வது மட்டும் அதிகப்படி. கூத்து என்னவென்றால், ஏட்டின் மாதிரி விடையிலேயே ‘வெட்டு’, ‘ஊற்றவும்’, ‘கலக்க வேண்டும்’ மூன்றும் கலந்து கிடக்கின்றன.

வழி சொல்லும் பாடத்தில் ‘மாட்டுங்காவில் இறங்கவும்’ என்று எழுதினால் ஏடு சரி என்கிறது. மும்பை லோக்கல் ரயிலில் சென்ட்ரல் லைனில் மாட்டுங்கா, வெஸ்டர்ன் லைனில் மாட்டுங்கா ரோடு என்று இரண்டு நிலையங்கள். எந்த லைன் என்று எழுதாத வழிக்கு மதிப்பெண் கொடுப்பது எப்படி?

மதிப்பெண் அட்டவணைக்கு வருவோம். கையெழுத்து 5, எழுத்துப்பிழை 5, படிகளின் எண்ணிக்கை 5, படம் 5. கப்பலே வராத விடைக்கும் 20க்கு 20 போடலாம்! அதற்குப் பதில் இப்படிப் பிரிக்கலாம்: பொருளும் அளவும் 4, வரிசை 4, ஒரு வரிக்கு ஒரு வேலை 4, செய்தவர் கேள்வி கேட்காமல் முடித்தது 6, எழுத்துப்பிழை 2. முதலில் எழுதியதையும் திருத்தி எழுதியதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ‘நான் மடித்தேன்’ என்று கதையாக எழுதியது ‘மடிக்கவும்’ ஆனதா என்பது அப்போதுதான் தெரியும்.

தாள் மெல்லிசு. ரப்பர் போட்டு அழித்தால் கிழிகிறது, அதனால் முதலில் எழுதுவதைத் தனி நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.